71 சதவீதத்தில் நிற்கிறாய்

வில்லிவாக்கம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

என்னடா இது, அம்மா திடீரென்று பேப்பரில் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். போன் பண்ணினால் மீட்டிங் என்கிறாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாதே, அதனால்தான். இது அப்பாவின் 2016 டைரியில் மிஞ்சிய தாள். மேலே இருக்கிற தேதியைப் பார்த்துக் குழம்பாதே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் ஓநாய் கதையை நான் படித்துவிட்டேன். முழுவதும்.

ஆயுத பூஜைக்கு வந்தபோது நீதானே கிண்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாய், கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எழுத்தைப் பெரிசு பண்ணிப் படிம்மா என்று? பெரிசு பண்ணினேன். பக்கத்துக்கு எட்டு வரிதான் வருகிறது, ஆனால் வலது கண்ணுக்கு அவ்வளவு சுகம். நீ எனக்காக ஏற்றி வைத்த சரித்திர நாவலைத்தான் முதலில் திறந்தேன் என்று சொன்னால் நம்புவாயா? மாட்டாய். அட்டையில் சட்டை போடாத ஒருத்தன், தலைக்குப் பின்னால் தாம்பாளம் மாதிரி நிலா, காலடியில் ஓநாய். அதைத்தான் தொட்டேன். என்ன கண்றாவி என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். மூடும்போது மணி ராத்திரி ஒன்றேகால்.

மறுநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்கு மறுநாள் ரசம் சுண்டிப் பாத்திரம் தீய்ந்தது. அப்பா வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். அப்படி என்னதான் படிக்கிறாய் என்றார். ஓநாய் பற்றி, விலங்கியல் என்றேன். பொய் இல்லையே! தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார், பாவம்.

31 வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் ஓநாயாக மாறினால் குதிரை உயரமாம். 80 கிலோ ஆளுக்கு மீதி எடை எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு ஓநாய் 25 கிலோ தேறுவதே பெரிய விஷயம். ஒரு சிப்பம் அரிசி, அவ்வளவுதான். மாறும்போது போட்டிருந்த துணியெல்லாம் கிழிந்து போகிறது. திரும்பி வரும்போது மரப்பொந்தில் மடித்து வைத்த பேன்ட் இருக்கிறது. யார் துவைத்து வைக்கிறார்கள்? அதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அப்புறம் பௌர்ணமி வந்தால் போதும், எல்லோரும் மலை உச்சியில் ஏறி நிலாவைப் பார்த்து ஊளையிடுகிறார்கள். ஓநாய்க்கும் நிலாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கூட்டத்தைவிட்டுத் தள்ளிப் போனது, நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் எங்கே என்று கேட்பதற்குத்தான் ஊளையிடும். காட்டுக்குள் 10 கிலோமீட்டர் வரைக்கும்கூட அந்தச் சத்தம் கேட்கும். ஒன்பதாம் வகுப்புக்கு நான் அதைச் செய்தே காட்டி ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடி வந்த கதை உனக்குத் தெரியும்.

ஆனால் கயலு, இத்தனையும் தெரிந்துதான் படித்தேன், இத்தனையும் மறந்துதான் படித்தேன். நமக்கு ஓநாய் என்றால் ஆடு நனைகிறதே என்று அழுகிற ஜென்மம். அதைப் போய் ஒருத்தி காதலிக்கிறாளே என்று முதல் பத்துப் பக்கம் சிரிப்பாக இருந்தது. பதினோராம் பக்கத்தில் அவளுக்காக நான் பயப்பட ஆரம்பித்துவிட்டேன். பாம்பு பெண்ணாக மாறுகிற சீரியலை ஊரே உட்கார்ந்து பார்க்கவில்லையா, கூடுவிட்டுக் கூடு பாய்வது நமக்கென்ன புதுசா? சில பக்கங்கள் இருக்கின்றன, எவை என்று உனக்கே தெரியும், அவற்றைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தேன். பெரிய எழுத்து என்பதால் கண்ணாடி இல்லாமலும் தெரிந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்வேன்.

எனக்குப் பிடித்தது அந்த வடக்குக் காட்டு ஆள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன், யார் கூட்டத்திலும் சேராதவன். பெயரைத் தமிழில் எழுதினால் நாய் பிஸ்கட் பெயர் மாதிரி இருக்கிறது, அதனால் எழுதவில்லை. அந்தப் பொதுச் சமையலறைக் கட்டம் ஞாபகம் இருக்கிறதா? குளிர்காலம், அவள் ஒரு கூடை வெங்காயத்தை வைத்துக்கொண்டு தனியாக நறுக்குகிறாள். அவன் உள்ளே வருகிறான். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்கிறான். பாதிக் கூடை ஆனதும், கை வலிக்கிறதா என்று கேட்கிறான். அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த அத்தியாயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நான் அதை மூன்று தடவை படித்தேன். குதிரை உயர ஓநாய், ஒரே கடியில் எலும்பை உடைக்கிறவன், அவன் கேட்கிறான் பார், அதுதான். உன் அப்பா 36 வருஷத்தில் என்னை அப்படி இரண்டு தடவை கேட்டிருப்பார். ஒன்று நீ பிறந்தபோது. இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது, எழுதமாட்டேன்.

மாப்பிள்ளை கேட்பாரா? சும்மாதான் கேட்டேன். அவருக்கு வேலை அதிகம் என்று தெரியும். நல்லவர், சிகரெட்கூடக் கிடையாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்காது. நான் கல்யாணத்துக்கு முன்னால் மாத நாவல் ஒன்றைக்கூட விட்டதில்லை. மண்ணெண்ணெய் க்யூவில் நின்றுகொண்டே ஒரு நாவலை முடித்துவிடுவேன். பாட்டிக்குத் தெரியக்கூடாது என்று தாவரவியல் ரெக்கார்டு நோட்டின் பிரௌன் அட்டையைக் கழற்றி அதற்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படி இருந்தவள்தான் நீ பன்னிரண்டாவது படிக்கும்போது உன் கட்டிலுக்கு அடியில் இருந்த ரத்தக்காட்டேரிப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். மூன்றரைக் கிலோ. அந்தக் காசில் உனக்குத் தலைக்கு கிளிப் வாங்கினேன், நீ அதைக் கடைசி வரைக்கும் போடவேயில்லை. பிளஸ் டூவில் 1127 வாங்கினாய், அதனால் நான் செய்தது சரிதான் என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது டீம் லீட் ஆகிவிட்டாய், எட்டுப் பேர் உனக்குக் கீழே. கீழ் வீட்டில் சொன்னேன், பால் பூத்தில் சொன்னேன். தெருவில் எல்லோருக்கும் தெரியும். உனக்குக் கீழே இருக்கிற எட்டுப் பேரையும் நேரத்துக்குத் தூங்கச் சொல்லுவாயா, மாட்டாயா? நீ மட்டும் ஏன் தூங்குவதில்லை?

இதைச் சொல்லத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

கிண்டிலில் ஒரு சின்னப் பெட்டி வரும், தெரியும்தானே? இந்தப் புத்தகத்தை இன்னொரு கருவியில் இத்தனாவது இடம் வரைக்கும் படித்திருக்கிறார்கள், அங்கே போகவா என்று கேட்கும். முதலில் எனக்குப் புரியவில்லை, ஏதோ வைரஸ் என்று தம்பியைக் கூப்பிட்டேன். அவன்தான் சொன்னான், "அக்கா போன்ல படிக்கறா, உனக்குக் காட்டுது" என்று. கயலின் போன், தேதி, நேரம், எல்லாம் போடுகிறது. ராத்திரி 2.40. இன்னொரு நாள் 3.12. அதற்கு அடுத்த நாள் 3.55. அந்த வாரம் முழுக்க நீ என்னிடம் பேசியது, "சாப்பிட்டேன்மா, நல்லாத் தூங்கினேன்மா".

வேவு பார்த்தாயா என்று கோபப்படாதே. முதல் நாள் தெரியாமல் பார்த்தேன். அப்புறம் தெரிந்துதான் பார்த்தேன். காலையில் காபி குடிக்கிறதுக்கு முன்னால் அதைத் திறந்து, நேற்றைக்கு விட நீ தள்ளிப் போயிருக்கிறாயா என்று பார்ப்பேன். போயிருந்தால் ஒரு நிம்மதி, நேரத்தைப் பார்த்தால் ஒரு கலக்கம். நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன், உன்னை முந்தக்கூடாது என்று கணக்காக. முந்தினால் உன் போனில் என் பேர் வந்துவிடும் என்று தம்பி சொல்லியிருந்தான்.

பத்தரைக்குப் படு. போனை ஹாலில் வைத்துவிட்டுப் படு. வெதுவெதுப்பாகப் பால் குடி, பால் பிடிக்காவிட்டால் ஒரு வாழைப்பழம்.

ஆவடி அத்தைக்கு முட்டி ஆபரேஷன் ஆகிவிட்டது. வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறாள், வாய் முன்பைவிட நன்றாக நடக்கிறது. மெட்ரோவுக்குத் தோண்டியதில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகவே முடியவில்லை. தம்பிக்குப் பார்த்த இடம் பற்றி நேரில் சொல்கிறேன். மாவடு வந்துவிட்டது, இரண்டு கிலோ போட்டிருக்கிறேன். வேறு செய்தி இல்லை. இருக்கும், எனக்கு நினைவில் நிற்கவில்லை.

71. அங்கே வந்து நின்றுவிட்டாய். ஒரு தடவை அந்தப் பெட்டியில் ஆமாம் என்று அமுக்கிப் பார்த்தேன், கீழே 71 சதவீதம் என்று காட்டியது. படிக்காமல் உடனே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டேன். மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும். நான் 70க்கு வந்து நின்றுகொண்டு 11 நாள் காத்திருந்தேன், கயலு. நீ நகரவேயில்லை. போனில் நல்லாத்தான் பேசினாய். புத்தகம் போரடித்திருக்கும், வேலை இருந்திருக்கும், வேறு கதைக்குப் போயிருப்பாய் என்று எனக்கு நானே எத்தனையோ சொல்லிக்கொண்டேன். நீ பாதியில் விடுகிற ஆள் இல்லையே. சின்ன வயதில் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தது கிடையாது.

நேற்று ராத்திரி முடியவில்லை. ஏரோபிளேன் மோடைப் போட்டேன், இந்த வயதில் எனக்கு இந்தத் திருட்டுத்தனம் எல்லாம் தேவையா, போட்டேன். 71ஐத் திறந்தேன்.

அதற்கு முன்னால் நீ கோடு போட்டு வைத்ததையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். முதலில் நிறையக் குறிப்பு எழுதியிருக்கிறாய், "ஐயோ", "யார்டா இவன்", "அம்மா பார்த்தால் கொன்னுடுவா". அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். 40க்கு மேல் குறிப்பே இல்லை, கோடு மட்டும். எல்லாம் அந்த முதல் ஆளைப் பற்றி. நிலா சேர்த்து வைத்தது என்று சொல்லிக் கட்டி வைத்தார்களே, அவனைப் பற்றி. அடிக்கிறவன் இல்லை. திட்டுகிறவன் இல்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். அந்தப் பெரிய வீட்டில் அவன் தட்டை வைக்கிற சத்தத்தை வைத்து இன்றைக்கு அவனுக்குக் கோபமா இல்லையா என்று அவள் கண்டுபிடிக்கிற இடம், அதில் கோடு. விருந்தாளி வந்தால் மட்டும் அவன் சிரிப்பதில் கோடு. நாங்கள் வந்திருந்தபோது மாப்பிள்ளை நன்றாகத்தான் சிரித்துப் பேசினார். கதையை வைத்து மனுஷரை எடை போடக்கூடாது, எனக்கும் தெரியும்.

அந்த நிலா சேர்த்து வைக்கிற விஷயத்தைப் படிக்கும்போது நம் ஜோசியர் ஞாபகம் வந்தது. அங்கே வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள், நாம் ஜாதக நோட்டை வைத்து. 27 நட்சத்திரத்துக்கு 14 விலங்கு. யானை, குதிரை, பாம்பு, கீரி எல்லாம் இருக்கிறது, ஓநாய் கிடையாது. உன் திருவாதிரைக்கு நாய். மாப்பிள்ளையின் கேட்டைக்கு மான். நாயும் மானும் பகை, யோனிப் பொருத்தம் இல்லை, ஆனால் ரஜ்ஜு இருக்கிறது, பத்துக்கு ஆறு வருகிறது, செய்யலாம் என்றார். நீயும் அப்பாவும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், விலங்கியல் டீச்சர் இதையெல்லாம் நம்பலாமா என்று. நம்பாதவள் எதற்கு 500 ரூபாய் தட்சிணை வைத்துக் கேட்கப் போனேன்? நாயோ மானோ, அது இல்லை விஷயம். மாடிப்படியில் இறங்கும்போது, அவர் ரொம்பப் பேசமாட்டார் போலிருக்கேம்மா என்று நீ சொன்னாய். பேசாத ஆம்பிளைதான் நல்லது என்று சொன்னேன். அதைச் சொன்னது ஜோசியர் இல்லை, நான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது சம்பந்தமில்லாதது மாதிரி இருக்கும். உன் புத்தகத்தில் வரிக்கு வரி ஆல்ஃபா ஆல்ஃபா என்கிறார்கள். அந்தச் சொல் பிடித்துக்கொண்டதே கூண்டில் அடைத்த ஓநாய்களால். ஷென்கல் என்பவர் 1947இல், ஸ்விட்சர்லாந்தில் பாசல் என்ற ஊரின் மிருகக்காட்சி சாலையில், ஒன்றுக்கொன்று தெரியாத ஓநாய்களைச் சேர்த்துப் பூட்டி வைத்ததைப் பார்த்து எழுதினார். முன்பின் தெரியாததுகளை ஒரே கூண்டில் போட்டால் அடித்துக்கொள்ளத்தானே செய்யும்? பிறகு அமெரிக்காவில் டேவிட் மெக் என்பவர் 1970இல் எழுதிய புத்தகம் அதை ஊரெல்லாம் கொண்டுபோனது. அப்புறம் அவரே கனடாவின் வடகோடிக்குப் போய், காட்டில் சுதந்திரமாகத் திரிகிற ஓநாய்களைக் கோடைக்குக் கோடை கூடவே இருந்து பார்த்தார். அங்கே ஆல்ஃபாவும் இல்லை, அடிதடியும் இல்லை. கூட்டம் என்றால் ஒரு அம்மா, ஒரு அப்பா, அவர்கள் குட்டிகள். குட்டிகள் வளர்ந்ததும் தனியே கிளம்பிப் போய்விடும். நாம் ஆல்ஃபா என்று சொன்னது வெறும் அப்பா அம்மாவைத்தான் என்று 1999இல் கட்டுரை எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சடிக்காதீர்கள் என்று பதிப்பாளரிடம் தானே கேட்டுக்கொண்டார். தான் எழுதியது தப்பு என்று ஒரு பெரிய மனுஷர் எழுத்தில் சொல்ல 29 வருஷம் ஆகியிருக்கிறது.

எனக்கு நாலு மாதம்.

71இல் அவள் மழையில் ஓடுகிறாள். ஓநாயாகவே ஓடுகிறாள், முன்னங்காலில் அடி. பிறந்த ஊரின் எல்லைக்கு வந்து நிற்கிறாள். அங்கே அவள் அம்மா நிற்கிறாள். கையில் விளக்கு. மகள் என்று தெரிகிறது, வாசனையே சொல்லிவிடுகிறது. அந்த அம்மா விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, மழையில் ஒன்றும் தெரியவில்லை, யாராக இருந்தாலும் விடிந்ததும் வா என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள்.

அதில் நீ கோடு போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியில் மட்டும். அதோடு நின்றுவிட்டாய்.

ஐப்பசி கடைசி. இங்கேயும் மழை. ராத்திரி 11.40க்குப் போன் பண்ணினாய். அப்பா தூங்கிவிட்டார். நான் பால்கனியில் காயாத துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். "அம்மா" என்றாய். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஏதோ இரைச்சல். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாய் என்று படுத்த பிறகுதான் புரிந்தது. "நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஹலோ, ஹலோ, கயலு, கேக்கலை, மழையில சிக்னல் இல்ல, காலையில பேசறேன்."

சிக்னல் இருந்தது, கண்ணு. கோடு நாலும் இருந்தது. நீ சொன்னது ஒவ்வொன்றும் கேட்டது.

அடுத்த ஞாயிறு தம்பிக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தோம். அந்த நேரத்தில் அக்கா வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் கேட்பார்களே என்று முதலில் அதுதான் தோன்றியது. உனக்கு என்ன ஆச்சு என்று தோன்றவில்லை. ஆவடி அத்தை முகம் தோன்றியது. ஒரு நாள் கோபமாக இருக்கும், விடிந்தால் சரியாகிவிடும், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே என்று சொல்லிக்கொண்டே துணியைப் பிழிந்தேன். காலையில் பேசுகிறேன் என்றேன், பேசினேன். என்ன டிபன், சட்னி அரைச்சியா என்று கேட்டேன். "ம், அரைச்சேன்" என்றாய். அதற்குப் பிறகு நீ அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. நானும் கேட்க வைக்கவில்லை. பொங்கலுக்கு வரவில்லை என்று உன்மேல் நான் கோபித்துக்கொண்டேன் வேறு.

அந்தப் பெண் இடம் தட்டிப்போய்விட்டது, வேறு காரணம். அது கிடக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ போன் பண்ணி, "அம்மா, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, நீயா எதையோ நினைச்சுக்காத" என்று சொல்லலாம். ஒன்றுமில்லை என்றால் ரொம்ப சந்தோஷம். ராத்திரி பத்தரைக்குப் படுத்து ஒன்றுமில்லை என்று சொல். ஏதாவது இருந்தால் என்னிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. தம்பியின் கம்ப்யூட்டர் டேபிளை உன் ரூமிலிருந்து ஹாலுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டான், தூசி என்றேன். மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. பெங்களூர் மெயிலில் ராத்திரி ஏறினால் விடிகிறதுக்குள் சென்ட்ரல். அப்பா வந்து நிற்பார். அவர் உன்னை ஒன்றும் கேட்கமாட்டார், தெரியும்தானே, கோச் நம்பரில் முதல் இரண்டு எண்ணைப் பார்த்து எந்த வருஷம் செய்தது, ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்ததா இல்லையா என்று சொல்லிக்கொண்டே பையை வாங்கிக்கொள்வார். ஒரு பை என்றாலும் சரி, நாலு பை என்றாலும் சரி. ஆவடி அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். வாக்கரோடு மாடி ஏற முடியாது அவளால்.

இதை நாளைக்கு ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். புதன் ராத்திரி ஏரோபிளேன் மோடை எடுத்துவிடுவேன். உன் போனில் அந்தப் பெட்டி வரும். அம்மாவின் கிண்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே போகவா என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்கிவிடாதே. 71இலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டு வா. என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். 74இல் அந்த அம்மா திரும்ப வருகிறாள்.

அன்புடன்,
அம்மா

பி.கு: இரண்டாம் பாகம் இருக்கிறதாம், வாங்கவா என்று கிண்டில் தினமும் கேட்கிறது. கார்டு உன்னுடையது என்பதால் அமுக்கவில்லை. நீயே வாங்கிவிடு.